எல்லார் குரலும் எடுத்த கரிச்சான்

தராசும் உன் கையில், சரக்கும் உன் கையில், கடைக்கு வருகிற பாதையும் உன் கையில். உன்னைத்தான் சொல்கிறேன். ஒரு தேடல் பெட்டியைத் திறந்து வைத்து, "எதை வேண்டுமானாலும் கேளுங்கள், சும்மா சொல்கிறேன்" என்று உலகத்தையே உன் வாசலுக்கு வரவழைத்தாய். நாங்கள் எழுதியதை எடுத்துக்கொண்டாய். நாங்கள் எங்கே போகிறோம், என்ன வாங்குகிறோம் என்பதை எடுத்து யாருக்கோ விற்றாய். கேட்டால், "நான் வெறும் வழி சொல்கிறவன்" என்கிறாய். பேர் சொல்லித் திட்டினால் நீ வக்கீலை அனுப்புவாய். அதனால் ஒரு காட்டுக் கதை சொல்கிறேன், காது கொடுத்துக் கேள்.

ஆற்று வளைவில் ஒரு புல்வெளி இருந்தது. ஓரத்தில் உயரமான மருத மரங்கள். ஆற்றங்கரைப் பக்கமாக ஒரு கூழாங்கல் மேடு. மரத்து உச்சியில் நீளவால் குரங்குகள் குடியிருந்தன. அவற்றுக்குத் தலைவன் ஒரு கிழட்டு ஆண் குரங்கு, கடுவன். புல்வெளியில் புள்ளிமான்கள் மேய்ந்தன. அவற்றை முன்னால் நின்று நடத்துவது ஒரு மூத்த மான். கூழாங்கல் மேட்டில் ஓர் ஆட்காட்டிக் குருவியும் அதன் புருஷனும் இருந்தார்கள். ஆட்காட்டிக்கு மஞ்சள் கால், சிவப்பு மூக்கு, ஊரைக் கூட்டுகிற வாய்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் கண்ணில் ஆபத்து பட்டதோ அவர் சத்தம் போட வேண்டும். மேலேயிருந்து சிறுத்தையைப் பார்த்தால் கடுவன் இருமும். கீழே சிறுத்தை வாடை அடித்தால் மூத்த மான் முன்னங்காலால் தரையைத் தட்டும். இருமல் கேட்டால் மான் ஓடும். தட்டல் கேட்டால் குரங்கு ஏறும். குரங்கு கடித்துப் போட்ட பாதித் தழையை மான் தின்னும். இதற்கெல்லாம் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை, கணக்கும் வைத்ததில்லை.

ஆட்காட்டிக்கு மட்டும் கெட்ட பேர். அது பாம்புக்கும் கத்தும், பருந்துக்கும் கத்தும், சருகு புரண்டாலும் கத்தும்.

"கொஞ்சம் வாயை மூடேன், தாயி. என் மத்தியானத் தூக்கம் போச்சு" என்று கடுவன் மேலிருந்து சலித்துக்கொள்ளும்.

"நல்லாத் தூங்கு மாமா. சிறுத்தை வந்து எழுப்பும்" என்று ஆட்காட்டி கீழிருந்து பதில் கொடுக்கும்.

அது முட்டையிடுவது தரையில். கூடு கிடையாது, கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடக்கும். முட்டை கிடக்கிற நாளில் மான் கூட்டம் அந்தப் பக்கம் வந்தால், ஆட்காட்டி இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு மூத்த மானின் மூக்குக்கு நேரே நிற்கும். "இங்க முட்டை கிடக்கு" என்று அதற்கு அர்த்தம். மான் ஒரு பெருமூச்சு விட்டு ஒதுங்கிப் போகும். கூட்டமும் ஒதுங்கும்.

இந்த ஊருக்குத்தான் கரிச்சான் குருவி வந்தது.

கன்னங்கரேல் என்று உடம்பு. வாலில் இரண்டு நீளக் கம்பி, நுனியில் துடுப்பு. காட்டில் உள்ள எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசும். புல்வெளி நடுவில் நின்ற தேக்கு மரத்தில் அது உட்கார்ந்து எல்லாரையும் கூப்பிட்டது.

"மாமா, அத்தை, அக்கா எல்லாரும் கேளுங்க. ஒருத்தர் இருமுறீங்க, ஒருத்தர் தட்டுறீங்க, ஒருத்தர் காரணமே இல்லாம கத்துறீங்க. எதை நம்புறதுன்னு யாருக்கும் தெரியல. இனிமே பார்த்ததை என்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் சலிச்சு எடுத்து, எது நிஜமோ அதை அவங்கவங்க பாஷையிலேயே சொல்றேன். மானுக்கு மான் குரல், குரங்குக்குக் குரங்கு குரல்."

"கூலி?" என்று கேட்டது ஆட்காட்டி.

"கூலியா? ஒண்ணும் வேணாங்க்கா. நீங்க நிம்மதியா மேய்ஞ்சா அதுவே போதும்."

"கூலி வேணாம்னு சொல்றவன்கிட்ட ரெண்டு தடவை விலை கேக்கணும். உனக்குச் சாப்பாடு எங்கேருந்து வருது, தம்பி?"

கரிச்சான் சிரித்தது. "உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அது நன்றாகத்தான் வேலை செய்தது. சிறுத்தை வந்தால் சரியாகச் சொன்னது. எந்தப் பள்ளத்தில் புல் துளிர்த்திருக்கிறது, எந்த அத்தி பழுத்திருக்கிறது என்பதையும் சொன்னது. சருகுக்கெல்லாம் கூப்பாடு போடவில்லை. காடு நிம்மதியாக இருந்தது. கடுவன் மத்தியானம் நன்றாகத் தூங்கியது.

அப்படியே மெல்ல மெல்ல எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். சிறுத்தையைப் பார்த்தால் கடுவன் இருமுவதில்லை. தேக்கு மரத்துக்குத் தாவிப் போய்க் காதில் சொல்லிவிட்டு வந்தது. மூத்த மான் தட்டுவதை மறந்தது. அந்த வருஷம் பிறந்த குட்டிகளுக்கு இருமல் என்றால் என்ன, தட்டல் என்றால் என்ன என்றே தெரியாது. நடக்கும்போதும் தலையைத் தூக்கித் தேக்கு மரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். காலடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

கரிச்சானுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாயா? உனக்கா தெரியாது! மான் கூட்டம் புல்லில் நடந்தால் வெட்டுக்கிளியும் தத்துப்பூச்சியும் கிளம்பும். கிளம்புகிற பூச்சியைக் காற்றிலேயே கொத்தித் தின்பதுதான் கரிச்சானின் பிழைப்பு. கூட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் சாப்பாடு. கூட்டத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதோ இப்போது அதன் வாயில் இருந்தது.

இது உண்ணிக்கொக்குகளுக்குத் தெரிந்தது. வெள்ளை வெளேர் என்று நாலைந்து பேர் தேக்கு மரத்தடிக்கு வந்தார்கள்.

"அண்ணாச்சி, கூட்டத்தை எங்க பக்கம் கொஞ்சம் திருப்பி விடுங்க. கிளம்புற பூச்சியில பாதி உங்களுக்கு."

"பாதியா? பெருசு பெருசா இருக்கிற பாதியா, சின்னப் பாதியா?"

"பெருசுதான் அண்ணாச்சி."

மறுநாள் காலையில் கரிச்சான் மான் குரலில் கூப்பிட்டது. "கிழக்கே நல்ல பசும்புல். எல்லாரும் வாங்க." கூட்டம் போனது. அங்கே காய்ந்த புல்லும் முள்ளும்தான். பூச்சி மட்டும் ஏராளம். கொக்குகள் வயிறு முட்டத் தின்றன.

"என்ன தம்பி, புல்லையே காணோம்?" என்று மூத்த மான் கேட்டது.

"நேத்து இருந்துச்சு, அத்தை. நீங்க கொஞ்சம் லேட்டு."

மான் நம்பியது. ஆட்காட்டி நம்பவில்லை. அது கூழாங்கல் மேட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. யார் நடந்தால் யார் தின்கிறார்கள் என்பதை அது ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டது.

"ஏ மதினி, புல் உங்களுக்காக இல்ல. உங்க நடை கொக்குக்காக. உங்க காலை வித்துக்கிட்டு இருக்கான்" என்று அது புல்வெளியெல்லாம் பறந்து கத்தியது.

கரிச்சான் கோபப்படவில்லை. சண்டையும் போடவில்லை. அது செய்த காரியமே வேறு. ஆட்காட்டியின் குரலை எடுத்துக்கொண்டது. தவளை தாவினால் ஆட்காட்டி குரலில் கத்தியது. ஒன்றுமே இல்லாதபோதும் ஆட்காட்டி குரலில் கத்தியது. மான்கள் அலறியடித்து ஓடி, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்து, மூச்சு வாங்க நின்றன. பிறகு கரிச்சான் தன் சொந்தக் குரலில், "பயப்படாதீங்க, அது ஆட்காட்டி அக்காவோட பழைய வழக்கம்" என்று சொல்லும்.

நாலைந்து தடவை இப்படி நடந்தது. அதற்குப் பிறகு ஆட்காட்டி உண்மையிலேயே கத்தினாலும் ஒரு காதும் திரும்பவில்லை.

இந்த நேரத்தில்தான் அது மேட்டில் நாலு முட்டை இட்டிருந்தது. உள்ளே குஞ்சு அசைவது வயிற்றுக்குத் தெரிந்தது. இன்றோ நாளையோ ஓடு விரியும். அந்தச் சமயம் பார்த்துக் கொக்குகள் மேட்டடியில் வந்து நின்று பேசுவது அதன் காதில் விழுந்தது.

"நாளைக்குக் காலையில இந்தக் கல்லு மேட்டு வழியாத்தான் கூட்டம் வருது. அண்ணாச்சி சொல்லிட்டாரு."

ஆட்காட்டி நேரே தேக்கு மரத்துக்குப் பறந்தது.

"தம்பி, கூட்டத்தை மேட்டு வழியாக் கூப்பிடப் போறியாமே?"

"ஆமாக்கா. அந்தப் பக்கம் வெட்டுக்கிளி கொள்ளையாக் கிடக்கு."

"என் முட்டையும் கிடக்கு. நாலு."

"வேற எடத்துல வச்சிருக்கலாமே."

"இட்ட முட்டையைத் தூக்கிட்டுப் போக எனக்குக் கை இருக்கா? இன்னும் ரெண்டு பொழுது பொறு. அப்புறம் நீ யாரை வேணும்னாலும் எந்த வழியா வேணும்னாலும் கூப்பிட்டுக்கோ."

"கொக்குகளுக்கு வாக்குக் குடுத்துட்டேனே. நான் யாரையும் மிதிக்கச் சொல்லலையே அக்கா. வழி சொல்றேன். நடக்கிறது அவங்க இஷ்டம்."

ஆட்காட்டி கோபத்தை விழுங்கிக்கொண்டு பேரத்துக்கு இறங்கியது. "சரி. உனக்கு என்ன வேணும்? ஆத்தோரம் சேத்துல புழு நெளியுற எடம் ஒண்ணு இருக்கு. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டுந்தான் தெரியும். காட்டுறேன்."

"வளைஞ்ச நாவல் மரத்தடி தானே? போன வாரம் அவர்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தீங்களே. கேட்டேன்."

ஆட்காட்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எங்க வீட்டுப் பேச்சையும் கேப்பே, என் குரலையும் எடுப்பே. உனக்கு யாருடா குடுத்தா என் குரலை?"

"காத்துல வந்துச்சு, எடுத்துக்கிட்டேன். காத்துக்கு யாருக்கா வேலி போட்டிருக்கா?" என்று சொல்லிவிட்டு, அது ஆட்காட்டி குரலிலேயே ஒரு தடவை கத்திக் காட்டியது. புல்வெளியில் ஒரு மானும் தலை நிமிரவில்லை.

ஆட்காட்டி அதற்குமேல் கெஞ்சவில்லை. கெஞ்சி எதுவும் கிடைத்ததாக அதன் வாழ்க்கையில் கிடையாது. ஆனால் அந்த ஒரு கத்தலில் அது ஒன்றைக் கவனித்தது. என் குரலில் கத்துகிறபோது இவனால் கடுவன் குரலில் இரும முடியாது. மான் குரலில் கூப்பிடுகிறபோது இவனால் என் குரலில் கத்த முடியாது. நூறு குரல் வைத்திருக்கிறான், தொண்டை ஒன்றுதான். உட்கார்ந்திருப்பதும் ஒரே கிளையில்தான்.

அது மூத்த மானிடம் போனது.

"மதினி, ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கோ. என்னை நம்ப வேணாம். நாளைக்கு யார் குரல்னு பார்க்காதே, எத்தனை பக்கத்துலேருந்து வருதுன்னு பாரு. மரத்து மேலேயும் தரையிலேயும் ஒரே நேரத்துல சத்தம் வந்தா அது நிஜம். அவனுக்கு ரெண்டு எடத்துல வாய் கிடையாது."

"அவன் சொல்லாம நாங்க எப்படிம்மா போறது, வர்றது?"

"உனக்கு மூக்கு இல்லையா?"

"இருக்கு" என்றது மூத்த மான் கொஞ்சம் வெட்கத்தோடு. "ரொம்ப நாளா அதுக்கு வேலை இல்ல."

அடுத்து ஆட்காட்டி மருத மரத்தடிக்குப் போனது.

"மாமா, ஒரு பந்தயம். நாளைக்கு ஒரு காலைப் பொழுது, நீ எதைப் பார்த்தாலும் கரிச்சான்கிட்டப் போய்ச் சொல்லாதே. நீ சொல்லலேன்னா அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறேன் நான்."

"அவனுக்கா தெரியாது? காடே அவன் கண்ணுல இருக்கு."

"அவன் கண்ணு பூச்சியில இருக்கு, மாமா. காட்டைப் பார்க்கிறது நீ. அதை நீயே மறந்துட்டே."

கடுவன் தலையைச் சொறிந்தது. "நான் ஜெயிச்சா எனக்கு என்ன?"

"நான் இந்தப் புல்வெளியை விட்டே போயிடுறேன். என் சத்தமே இல்லாத தூக்கம் உனக்கு."

"இது நல்ல பேரமா இருக்கே" என்றது கடுவன். "ஆனா சிறுத்தையைப் பார்த்தா?"

"அவன்கிட்டச் சொல்லாதேன்னுதான் சொன்னேன். இருமாதேன்னு சொல்லலையே."

விடிந்தது. கடுவன் உச்சிக் கிளையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தது. தேக்கு மரத்தில் கரிச்சான் காத்துப் பார்த்தது. சேதி சொல்ல யாரும் வரவில்லை. ஒருவரும் வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அது முடிவு செய்துகொண்டது. கொக்குகளும் மேட்டில் வந்து நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

"வழி சுத்தம். மேட்டு வழியா வாங்க. ஆத்தோரம் இளம்புல்" என்று அது தேன் ஒழுகுகிற மான் குரலில் கூப்பிட்டது.

கூட்டம் கிளம்பியது. எல்லாத் தலையும் தேக்கு மரத்தைப் பார்த்தபடி. ஆட்காட்டி முட்டைகளுக்கு முன்னால் சிறகை விரித்து நின்றது. புருஷன் பின்னால் நின்றான். மூத்த மான் நேரே வந்தது. கண் மேலே இருந்தது. மூக்குக்கு நேரே நின்ற சிறகு அதற்குத் தெரியவில்லை.

ஒரு குளம்பு இறங்கியது. ஒரு முட்டை நொறுங்கியது.

அதே நொடியில் மரத்து உச்சியில் கடுவன் உடம்பு சிலிர்த்து எழுந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம், கோரைப்புல்லுக்குள், சிறுத்தை ஒன்று வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. வால் நுனி மட்டும் ஆடியது. கடுவன் இருமியது. எத்தனையோ நாள் இருமாத தொண்டை. துருப்பிடித்த சத்தம்தான் வந்தது. ஆட்காட்டியும் திரும்பிப் பார்த்தது. கோரைப்புல் அசைவதைக் கண்டு அடிவயிற்றிலிருந்து கத்தியது.

"அது கரிச்சான் மாமா குரல் இல்லையே" என்றது ஒரு குட்டி மான். "நடங்க, நடங்க."

கரிச்சான் பதறிப்போய்க் கடுவன் குரலில், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றது. உடனே ஆட்காட்டி குரலுக்கு மாறி, தவளைக்குப் போடுகிற வெறும் கூப்பாடு போட்டது. மறுபடி கடுவன் குரல். மறுபடி ஆட்காட்டி குரல். மாறி மாறித்தான் வந்தது. எல்லாம் ஒரே தேக்கு மரத்திலிருந்துதான் வந்தது.

மூத்த மான் காதை இப்படியும் அப்படியும் திருப்பியது. தேக்கு மரத்தில் ஒரு கடுவன். மருத மரத்திலும் ஒரு கடுவன், அதே நேரத்தில், வேறு சத்தம். காலடியில் ஒரு ஆட்காட்டி. மேலேயும் தரையிலேயும் ஒன்றாக. அது தலையைக் கீழே இறக்கி, மூக்கை விரித்துக் காற்றை இழுத்தது. வாடை வந்தது.

முன்னங்கால் தானாக எழுந்தது. தரையில் ஓங்கித் தட்டியது. மறுபடியும் தட்டியது. கூட்டம் ஒரே வளைவாக வளைந்து புல்வெளிப் பக்கம் பாய்ந்தது. கொக்குகள் நாலு பக்கமும் சிதறின. தன்னை எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் சிறுத்தை எழுந்து, சோம்பல் முறித்து, ஒன்றுமே நடக்காததுபோல ஆற்றுப் பக்கம் நடந்து போனது.

மேட்டில் மூன்று முட்டை மிச்சம் இருந்தது.

மூத்த மான் தனியாகத் திரும்பி வந்தது. நொறுங்கிய ஓட்டைப் பார்த்தது. "என் காலுதான்" என்றது.

"காலு உன்னது. அதை இந்தப் பக்கம் அனுப்பினவன் எவன்?" என்று கேட்டது ஆட்காட்டி. அழுவதற்கு அது நேரம் ஒதுக்கவில்லை. மிச்ச முட்டைகளின் மேல் புருஷனை உட்காரவைத்துவிட்டுத் தேக்கு மரத்தடிக்குப் போனது. மானும் போனது. கடுவனும் மரம் மரமாகத் தாவி வந்து சேர்ந்தது.

"நான் இல்லேன்னா நீங்க எல்லாரும் குருடு" என்றது கரிச்சான்.

"இன்னிக்கு நான் வாயை மூடினேன், உனக்குச் சிறுத்தை தெரியல" என்றது கடுவன். "யாருடா குருடு?"

"உன்னைத் துரத்த வரல" என்றது ஆட்காட்டி. "நீ இரு. உன்னால நல்லதும் உண்டு. ஆனா இனிமே பேசுறதா இருந்தா உன் சொந்தக் குரல்ல பேசு. சேதி சொன்னா யார் பார்த்துச் சொன்னாங்கன்னு சேர்த்துச் சொல்லு. கொக்குக்காகக் கூப்பிட்டா, கொக்குக்காகக் கூப்பிடுறேன்னு சொல்லிட்டுக் கூப்பிடு. வர்றவங்க வருவாங்க. என் குரலைக் கீழே வை. அப்புறம், நொறுங்கிப் போன முட்டைக்கு என்ன செய்யப் போறேன்னு நீயே சொல்லு."

கரிச்சான் வாலை ஆட்டியது. "யோசிச்சுச் சொல்றேங்க்கா."

அதன் பிறகு கடுவன் தானே இருமியது. மானும் தானே தட்டியது. குட்டிகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று குஞ்சுகள் ஓடு விரித்து, ஈரம் காய்வதற்குள் கல்லுக்குக் கல் ஓடின. கரிச்சான் சொன்ன பக்கம் கூட்டம் வராததால் கொக்குகள் வேறு காட்டுக்குப் போய்விட்டன. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் சில மான்கள் காலையில் எழுந்ததும் தேக்கு மரத்தடிக்குத்தான் போகின்றன, பழகிய கால். கரிச்சான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறது.

நீயும் வருஷக்கணக்காக யோசிக்கிறாய். போதும். எங்களிடம் எடுத்ததற்கு எங்கள் பேரைச் சொல். கூலி வாங்கிக்கொண்டு காட்டுகிற வழியை அப்படியே கூலி வழி என்று நெற்றியில் எழுதிக் காட்டு. எங்கள் வீட்டுப் பேச்சிலிருந்து காதை எடு. உன் பேச்சை நம்பி வந்த கூட்டத்தின் காலில் நசுங்கிப்போன சிறு கடைக்காரனுக்கும், எழுதிப் பிழைத்தவனுக்கும் ஈடு கொடு. பலர் கண்ணால் பார்த்துப் பெரியவன் ஆனவன், அந்தப் பலர் வாயை அடைத்தால் கடைசியில் தானும் குருடாவான். ஆகவே நீ உடைத்ததை நீயே முன்வந்து சரிசெய்.